எட்டு சென்டிமீட்டர் தண்ணீர்

“அப்பா, கண்ணைத் திறங்க அப்பா” என்று கன்னத்தில் தட்டுகிறாள். நான் இவளுக்கு எப்போது அப்பா ஆனேன்? இந்த இருதய ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் கிழவன் ஒவ்வொருவனும் இவளுக்கு அப்பாதான். ஜெபக்கனி என்று நர்ஸ் சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது. நாசரேத் பக்கத்துப் பேச்சு. சிரிப்பு மட்டும் நிற்பதே இல்லை, எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சரி, திறந்தாயிற்று, பார்த்துக்கொள். “ஆ, முழிச்சிட்டாங்க, நல்ல அப்பா” என்கிறாள். நல்ல அப்பாவாம். தவசிமுத்து வருகிறான் என்றால் மில் முதலாளிகள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்த காலம் ஒன்று இருந்தது. தென்மாவட்டத்தில் பாய்லர் வைத்திருந்தவன் எவனும் இந்தப் பாய்லர் இன்ஸ்பெக்டர் கையெழுத்து இல்லாமல் அடுப்பு பற்ற வைத்ததில்லை. இப்போது கண்ணைத் திறந்ததற்கு எனக்குப் பாராட்டு. பதிலுக்கு ஏதாவது சொல்லலாமென்றால் வாயில் குழாய். தொண்டை வழியாக நெஞ்சுக்குள் இறக்கி, மறுமுனையை ஒரு இயந்திரத்தில் மாட்டியிருக்கிறார்கள். நெஞ்செலும்பை அறுத்து, காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி இருதயத்தில் ஒட்டுப்போட்டு, கம்பியால் முடுக்கித் தைத்தது போதாதென்று மூச்சு விடுவதற்கும் ஆள் வைத்தாயிற்று. முதலில் விழித்தபோது குழாயைப் பிடுங்கப் பார்த்தேனாம். அதனால் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு துணி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். “மெதுவாத்தான் கட்டியிருக்கோம்ப்பா” என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

உஸ் என்று உள்ளே தள்ளுகிறது, நெஞ்சு தூக்குகிறது, பிறகு விடுகிறது. நானாக இழுக்கலாம் என்று நினைப்பதற்குள் அது முந்திக்கொள்கிறது, எதிரே பேசுகிறவனை முடிக்கவிடாமல் குறுக்கே விழுகிற ஆள் மாதிரி. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அதன் திரை தெரியும். கோடுகள், எண்கள், ஓரத்தில் ஒரு 8. அந்த எட்டைப் பற்றித்தான் காலையில் ஒரு பிரசங்கமே நடந்தது. டாக்டர் ஃபர்ஹானா என்று ஒரு சின்னப் பெண், தலையில் முக்காடு, காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ, ஜெபக்கனிக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் என் நெஞ்சைக் காட்டிப் பாடம் எடுத்தாள். ஆபரேஷனில் இருதயத்தை நிறுத்தியபோது நுரையீரலையும் நிறுத்தி வைத்தார்களாம். நின்றது சுருங்கிவிட்டதாம். மறுபடி விரிந்ததில் இடது பக்கம் அடிப்பகுதி மட்டும் சரியாக விரியவில்லையாம். “மூச்சு வெளிய போனதுக்கப்புறமும் உள்ள கொஞ்சம் காத்து நிக்கணும். முழுசா வெளிய விட்டுட்டா காத்தறைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டினதைத் திறக்கறது பெரும்பாடு. அதான் அஞ்சுல இருந்து எட்டு ஆக்கியிருக்கேன்” என்றாள். எட்டு என்ன? எட்டு கிலோவா? அதற்குள் அவளே சொன்னாள், எட்டு சென்டிமீட்டர் தண்ணீர் என்று. குழாய் மட்டும் இல்லாவிட்டால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். எட்டு சென்டிமீட்டர் தண்ணீர்! பாதி டம்ளர் தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டு ஒரு பிள்ளை புளுபுளுவென்று ஊதுமே, அந்த அழுத்தம். நான் பார்த்த பாய்லர்களில் சாதாரண அழுத்தம் என்பதே சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ. பத்து கிலோ என்றால் நூறு மீட்டர் தண்ணீர் உயரம், திருச்செந்தூர்க் கோபுரத்தின் மேல் இன்னொரு கோபுரம் வைத்தாலும் எட்டாது. அதைக் கையில் வைத்து விளையாடியவனுக்கு இவர்கள் சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். பூக்காரி முழம் போடுகிற மாதிரி அளக்கிறாள் அந்தப் பெண், மற்றவர்கள் வாயைப் பிளந்து குறித்துக்கொள்கிறார்கள்.

அழுத்தம் என்றால் என்னவென்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு அரவை மில். முதலாளிக்கு நெல் சீக்கிரம் அவிய வேண்டும். சேஃப்டி வால்வு திறந்து திறந்து ஆவி வீணாகிறதென்று, அது திறக்காதபடி அதன் கைப்பிடியில் அம்மிக்குழவியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான். நான் உள்ளே நுழைந்தபோது அந்தக் குழவி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, கீழே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி வந்து, “சார், ஒரு வருஷமா இப்படித்தான் கெடக்கு, ஒண்ணும் ஆகலியே” என்றான். ஒன்றும் ஆகவில்லையே என்கிற அந்த வார்த்தையை வேலையில் இருந்த நாளெல்லாம் கேட்டேன். ஆகிற வரைக்கும் எல்லாமே ஆகாததுதான். சீல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஜீப்பில் ஏறினேன். பேசி என்ன, சுவரோடு பேசலாம். உலகத்தில் பாதிப் பேர் குழவி கட்டுகிறவர்கள், மீதிப் பேர் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், அதை மாற்றிக்கொள்ளும்படி யாரும் இதுவரை எனக்கு எதையும் செய்து காட்டவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஏறினால் ஆபத்து, இறங்கினால் நிம்மதி. இறக்கிவிட்டவன் வீட்டில் போய் நிம்மதியாகத் தூங்குவான். இந்தச் சட்டத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர் வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை வைத்து அளக்கிறார்களே தவிர ஒரு வாய் கொடுக்க மாட்டார்கள். ஜெபக்கனி ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கிறாள், அதைக் கடித்து உறிஞ்சினால் “ஏய் அப்பா, கடிக்கக்கூடாது” என்கிறாள். பிறகு சளி எடுக்க ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சுவாள், அப்போது உயிர் தொண்டைக்கு வந்து திரும்பும். அது மறுபடி எப்போது வருமோ. வேண்டாம், அதை நினைக்காதே, கூரையைப் பார். கூரையில் சதுரம் சதுரமாகப் பலகை, ஒன்றில் ஈரக் கறை, எந்தக் கான்ட்ராக்டர் எவ்வளவு தின்றானோ. காலையில் அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். “இடது பக்கம் கீழே அடங்கிப்போயிருக்கு” என்றாள். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சர்வசாதாரணமாகச் சொன்னாள். அடங்கிப்போயிருக்கு. எங்கள் தெருவில் ஆள் போய்விட்டால்தான் அடங்கிட்டாவ என்பார்கள். சாமம் மூணு மணிக்கு அடங்கிட்டாவ, எடுக்கிறது எப்போ என்பார்கள். அப்படியானால் என்னில் ஒரு துண்டு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, மற்றது வரிசையில் நிற்கிறது. ஒருவனும் என்னை அடக்கியதில்லை, என் மனைவி கனகமணி கல்யாணமான நாளிலிருந்து முயற்சி செய்து தோற்றாள். அடங்காத மனுஷன் என்று தன் வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். இப்போது அவளிடம் போய்ச் சொல்லுங்கள், கீழே இடது பக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கிறார் அம்மா, மேலே இன்னும் இல்லை என்று. சிரிப்பு வருகிறது, சிரித்தால் நெஞ்செலும்பு விண்விண் என்கிறது. ஆனால் நிஜமாகவே ஒட்டிக்கொண்டால்? ஒட்டிக்கொண்டு திறக்காமலே போனால்? இந்தக் குழாய் இப்படியே கிடந்து, நான் ஒருவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமலே, எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தால்? எனக்குப் பயமாக இருக்கிறது. இருக்கட்டும், இவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. குழாயை எடுத்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசி. ஒரு வார்த்தைதான் வரும், தொண்டை புண்ணாக இருக்குமாம். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கட்டிக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை.

நாலு மணி ஆகியிருக்க வேண்டும், கதவு திறந்துவிட்டது, பார்வையாளர்கள். ஒரு கட்டிலுக்கு ஒருவர் என்று வெளியே எழுதிப் போட்டிருக்கிறார்கள். கனகமணிக்குப் பின்னாலேயே அவள் தம்பி தங்கப்பழமும் வருகிறான். எழுதிப் போட்டதெல்லாம் அவனுக்கு இல்லை. திருச்செந்தூர் ரோட்டில் கல்யாண மண்டபம், கட்சியில் ஏதோ ஒரு பிரதிநிதி, மந்திரிகூட நின்று எடுத்த போட்டோ. வாட்ச்மேன் தோளில் கை போட்டு உள்ளே வந்திருப்பான். நீல அங்கியைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டியிருக்கிறான், நாடா வயிற்றின் மேல் தொங்குகிறது. சென்ட் வாசனை குழாய்க்குள்ளேயே வருகிறது. “அத்தான், நான்தான் தங்கப்பழம்” என்று காதில் கத்துகிறான். அறுத்தது நெஞ்சை, காதை அல்ல. எனக்கு இவனைப் பிடிக்காது என்பது இவனுக்குத் தெரியாது, அதுதான் இவனிடம் எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். எந்த அவமானமும் இவன்மேல் ஒட்டாது. வீட்டுக்கு வந்தால் நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வேன். இவன் பேப்பரின் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்து எனக்கே விளக்கம் சொல்வான். கனகமணி கால்மாட்டில் நிற்கிறாள். அழவில்லை. அவள் அழுது நாளாயிற்று. போர்வையைக் கால் விரலுக்கு மேல் இழுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் கையைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். “இறுக்கமாக் கெட்டியிருக்காவளோ” என்றாள். அவ்வளவுதான். அவள் எப்போதும் எதையும் முழுதாகக் கேட்டதில்லை, நானும் எதற்கும் முழுதாகப் பதில் சொன்னதில்லை. இப்படியே ஓடிவிட்டது.

டாக்டர் பெண் வந்தாள். தங்கப்பழம் அவளை மறித்துக்கொண்டு, “டாக்டரம்மா, எப்ப அந்தக் குழாயை எடுக்கது? ஹார்ட்டு சூப்பரா இருக்குன்னு பெரிய டாக்டர் சொன்னாவள்ளா” என்றான். அவள் பொறுமையாகச் சொன்னாள். “ஹார்ட் நல்லா இருக்குங்க. இடது நுரையீரல் அடியில இன்னும் விரியலை. அதனால பிரஷரைக் கொஞ்சம் கூட்டி வெச்சிருக்கோம். நாளைக்குக் காலையில பார்த்துட்டு எடுக்கலாம்.” அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. தங்கப்பழத்தின் கண் பெரிதானது. “பிரஷரைக் கூட்டி வச்சிருக்கீயளா? என்ன டாக்டரம்மா சொல்லுதீய? அத்தானுக்கே பத்துப் பதினஞ்சு வருஷமா பிரஷர். தெனமும் மாத்திரை சாப்பிடுதாவ. உப்பில்லாமப் பொங்கித் திங்காவ. பிரஷரைக் குறைக்கத்தான இங்க கொண்டாந்து போட்டிருக்கோம், நீங்க கூட்டுனா எப்படி?” எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. “அது ரத்த அழுத்தங்க. இது மூச்சு மெஷினோட அழுத்தம். ரெண்டும் வேற வேற” என்றாள் அவள். “எந்த பிரஷரா இருந்தா என்னம்மா, ஒடம்பு ஒண்ணுதான? அங்க ஏத்துனா இங்க ஏறாதா?” என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்வியின் அழகில் தானே மயங்கி, அக்காவைத் திரும்பிப் பார்த்தான். என்ன மூளை! இதை வைத்துக்கொண்டுதான் இந்த மாவட்டத்தில் கல்யாணம் காதுகுத்து எல்லாம் நடத்திக் கொடுக்கிறான். டாக்டர் பெண் மறுபடி சொன்னாள், காற்றறை என்றாள், ஒட்டிக்கொள்ளும் என்றாள். இவன் அதற்குள் போனை எடுத்துவிட்டான். “அண்ணாச்சி, வணக்கம், தங்கப்பழம்தான். அத்தான் பக்கத்துலதான் நிக்கேன். பிரஷரைக் கூட்டிட்டாவளாம் அண்ணாச்சி…” பெரிய டாக்டர் இவனுக்கு அண்ணாச்சி. அந்த மனுஷனும் லேசுப்பட்டவன் அல்ல. ஆபரேஷன் முடிந்ததும் இருதயத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான், நுரையீரல் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை என்கிற மாதிரி. போன் கை மாறியது. அந்தப் பெண், “எஸ் சார்… எக்ஸ்ரேல இன்னும் இருக்கு சார்… நாளைக்கு வரைக்கும் பார்க்கலாம்னு… சரி சார்” என்றாள். மூன்றாவது சாரில் அவள் தோள் இறங்கிவிட்டது. இறங்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்த்து நிற்கிறவர்களை நான் என் ஆபீஸிலேயே பார்த்ததில்லை.

ஆனால் அவள் நேரே இயந்திரத்துக்குப் போகவில்லை. என் முகத்துக்கு நேரே குனிந்தாள். “சார், நீங்க நல்லா முழிச்சிருக்கீங்க, அதனால உங்ககிட்டயும் கேக்கறேன். எட்டை அஞ்சாக்கிப் பார்க்கச் சொல்றாங்க. தாங்கினா இன்னைக்கே குழாயை எடுத்துடலாம். எனக்கு இன்னொரு நாள் வெக்கலாம்னு இருக்கு. உங்களுக்கு எப்படி இருக்கு? குறைச்சுப் பார்க்கட்டுமா? வேண்டாம்னா தலையை இப்படி அசைங்க, நான் சார்கிட்டப் பேசிக்கறேன்.” இந்தக் கட்டிடத்தில் என்னை அப்பா என்று கூப்பிடாத ஒரே ஆள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்காகப் பேசிக்கொள்ள இவள் யார்? எட்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர் தண்ணீர். குடித்துவிட்டு டம்ளர் அடியில் விடுகிற மிச்சம். அந்த மிச்சத்துக்கு இத்தனை பேர், இத்தனை போன், இத்தனை முகச்சுளிப்பு. நூறு மீட்டரைப் பார்த்தவன் மூன்று சென்டிமீட்டருக்குப் பயப்படுவதா? தங்கப்பழம் சொல்வது முட்டாள்தனம், இவள் பதறுவது இன்னொரு வகை முட்டாள்தனம். முட்டாள் தப்பான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். இறக்குவது எப்போதும் நல்லது. இறக்கினால் குழாய் வெளியே வரும், வந்தால் பேசலாம். குறை என்று தலையை ஆட்டினேன். இரண்டு தரம் ஆட்டினேன், சந்தேகம் வேண்டாமென்று. அவள் ஒரு நொடி பார்த்துவிட்டுக் குமிழைத் திருப்பினாள். “மூச்சு கஷ்டமா இருந்தா பக்கத்துல இருக்கறவங்க கையை அமுக்குங்க சார். யார் கையா இருந்தாலும் சரி. உடனே ஏத்திடறேன்” என்றாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து புதிதாக ஒரு நோயாளி வந்துகொண்டிருந்தான். அவளும் ஜெபக்கனியும் கட்டிலை மறைத்த திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஓடினார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு லேசாகக்கூட இருந்தது. மேலே இருந்த மானிட்டரில் ரத்த அழுத்தம் நூற்றுப் பத்திலிருந்து நூற்றுப் பதினெட்டு ஆனது. “பாத்தியாக்கா, பிரஷர் சரியாயிட்டு!” என்றான் தங்கப்பழம். குறைக்கச் சொன்னவன் ஏறியதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டிப்போட்டிருந்த என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். வியர்த்த கை. இழுத்துக்கொள்ள வழியில்லை. பேச ஆரம்பித்தான். மண்டபத்துக்கு ஏசி போடுகிற கதை, மழை கதை, யார் யார் விசாரித்தார்கள் என்கிற கதை. உஸ். விடு. உஸ். விடு. விடும்போது முன்பு எங்கேயோ ஒரு இடத்தில் நிற்கும், இப்போது நிற்கவில்லை, கடைசி வரை போகிறது. இடது பக்கம் அடியில் யாரோ ஈரத் துணியை மடிக்கிற மாதிரி. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. சும்மா நினைப்பு, வேறு எதையாவது நினை. மழை என்கிறான். மழை. தூத்துக்குடி துறைமுக ரோட்டில் ஒருநாள் மத்தியானம் மழை. எண்ணெய் ஏற்றுகிற டேங்கர் லாரி. ஆவி விட்டுக் கழுவிவிட்டு, ஆவி உள்ளே இருக்கும்போதே க்ளீனர் மூடியை இறுக்கி மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். மழை பெய்தது, உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கியது. அத்தனை பெரிய இரும்பு டேங்கர் தகர டப்பாவை மிதித்த மாதிரி உள்ளே போய்விட்டது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முதலாளி சுற்றிச் சுற்றி வந்து, “எது சார் இடிச்சிது? எந்த வண்டி சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எதுவும் இடிக்கவில்லை, உள்ளே ஒன்றும் இல்லாததால் நசுங்கியது என்று நான்தான் சொன்னேன். அவன் நம்பவில்லை. நான் அவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தேன். நானே சொன்னேன். என் வாயால் சொன்னேன். இறங்கினால் நிம்மதி என்று யார் சொன்னது? எந்த மடையன் சொன்னது? நான் பார்த்தேனே, என் கையால் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தேனே, பிறகு எப்படித் தலையை ஆட்டினேன்? இரண்டு தரம் ஆட்டினேனே.

காற்று வருகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. மேலேயே முட்டித் திரும்புகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைக் காட்டுகிற நீல எண் தொண்ணூற்று ஏழு என்றிருந்தது, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஒன்று. இயந்திரம் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. அப்பாடா, வருவார்கள். தங்கப்பழம் நிமிர்ந்து பார்த்தான். “இந்தச் சத்தத்துலயே நல்ல மனுஷனுக்கு பிரஷர் வந்துரும்” என்று சொல்லி, ஜெபக்கனி அமுக்கியதைப் பார்த்து வைத்திருப்பான் போல, மணிப் படம் போட்ட பொத்தானைத் தொட்டான். சத்தம் நின்றுவிட்டது. பாவி! பாவி, நீதான் எனக்கு வாய்த்தாயா! வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. கையை அமுக்கச் சொன்னாளே. யார் கையாக இருந்தாலும் சரி என்றாளே. இருக்கிற கை இவன் கைதான். இவனிடமா? இவனிடம் நான் ஒரு வெற்றிலைக்குக்கூடக் கை நீட்டியதில்லை. இன்னொரு மூச்சு பார்க்கலாம். உஸ். இல்லை. இன்னொன்று. இல்லை. சாக எனக்கு இஷ்டமில்லை. அமுக்கினேன். தங்கப்பழம் பேச்சை நிறுத்தினான். குனிந்து கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். மறுபடி அமுக்கினேன், இருக்கிற பலத்தையெல்லாம் விரலில் கொண்டுவந்து. அவன் முகம் கோணியது. “அத்தான்!” என்றான். “அக்கா, அத்தான் என் கையைப் புடிக்காவ. இங்க பாரேன், விடமாட்டேங்காவ.” கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இல்லை, முட்டாளே, இல்லை! அமுக்கினேன், அமுக்கினேன். “தெரியும் அத்தான், எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். உள்ளுக்குள்ள பிரியம் உண்டுன்னு எனக்கு என்னைக்கும் தெரியும். வீட்டுல எல்லாரும் சிரிப்பாவ, நான் நம்புனேன்” என்று குனிந்து என் கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பார்வையின் ஓரம் கறுக்கிறது. இவனுடைய சந்தோஷத்தில் நான் சாகப் போகிறேன்.

“ஏல, எந்திரி” என்றாள் கனகமணி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கால்மாட்டிலிருந்து வந்து என் முகத்துக்கு மேல் குனிந்து, முதல்முறையாக நேரே கண்ணுக்குள் பார்த்தாள். “அவியளுக்கு என்னமோ செய்யுது. ஓடிப் போயி டாக்டரைக் கூப்பிடு.” அவன் அழுதுகொண்டே, “இல்லக்கா, பாசத்துல…” என்றான். “பாசமா? உன் மவன் கல்யாணத்துல நீ கும்பிட்டு நின்ன, தலையைக்கூட அசைக்காம உள்ள போனாவ. உன்னைய ஒரு நாளாவது மனுஷனா மதிச்சிருக்காவளா? அவிய செத்தாலும் உன் கையைப் பிரியத்துல பிடிக்க மாட்டாவ. பிடிக்காவன்னா மூச்சு முட்டுது. ஓடுல!” தங்கப்பழம் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அப்படியில்லை என்று நான் தலையை அசைத்திருக்கலாம், அசைக்கவில்லை, அவள் சொன்னதை அவன் நம்பினால்தான் எனக்கு உயிர். அவன் என் கையை மெத்தையில் வைத்தான். போடவில்லை, வைத்தான். எழுந்து, அங்கி நாடா காலில் தட்ட, “டாக்டரம்மா, டாக்டரம்மா” என்று திரையை விலக்கிக்கொண்டு ஓடினான்.

ஓடி வந்தார்கள். ஜெபக்கனி சிரிக்கவில்லை. உறிஞ்சுகிற குழாய் உள்ளே போய் வந்தது, உயிர் தொண்டைக்கு வந்து திரும்பியது. டாக்டர் பெண் குமிழைத் திருப்பினாள், எட்டு, அதற்கும் மேலே பத்து. இயந்திரத்தின் மூச்சை நீளமாகப் பிடித்து நிறுத்தினாள், ஒருதரம், இன்னொருதரம். “திறக்கட்டும் சார், அப்படியே விடுங்க, தள்ளாதீங்க, திறக்கட்டும்” என்று என் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம் அடியில் ஒரு மடிப்பு பிரிந்தது. வலித்தது, வலித்ததில் அழுகை வந்தது, வரட்டும். தொண்ணூற்று இரண்டு. தொண்ணூற்று ஐந்து. பாதி டம்ளர் தண்ணீர்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதற்குப் போய் உதட்டைப் பிதுக்கினேன். “யார் அலாரத்தை நிறுத்தினது?” என்று அவள் கேட்டாள். “நான்தான்” என்றான் தங்கப்பழம். அண்ணாச்சி, போன், மண்டபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. அவள் அவனைத் திட்ட வாயைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கனகமணி மறுபடியும் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். டாக்டர் பெண்ணின் இரண்டு கையும் இயந்திரத்தின்மேல் இருந்தது. அங்கிருந்தபடியே திரும்பி, “இப்ப பரவாயில்லையா சார்? பரவாயில்லன்னா அவர் கையை அமுக்குங்க” என்றாள். அவர் என்று அவள் சொன்னது தங்கப்பழத்தை. அவன் திரையோரம் நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையையும் அங்கிக்குள் விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. “கிட்ட வாங்க, கையைக் குடுங்க” என்று அவள் மறுபடி சொன்னாள். அவன் வரவில்லை. நான் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.